கார்டு லைன்

விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு ரயில் போக இரண்டு வழி இருக்கிறது. கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று டெல்டாவைச் சுற்றிக்கொண்டு போவது மெயின் லைன். அது 19ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம். விருத்தாசலம், பெண்ணாடம், அரியலூர், லால்குடி என்று குறுக்கே வெட்டிக்கொண்டு போவது கார்டு லைன். 1920களின் கடைசியில் வந்தது. பேருதான் மெயின் லைன், அவசரக்காரங்க எல்லாம் எங்க ஊர் வழியாத்தான் போவாங்க என்று விருத்தாசலத்துக்காரர்கள் சொல்லிக்கொள்வோம். கடலூரிலிருந்து நெய்வேலி, சின்னசேலம், ஆத்தூர் வழியாக சேலம் போகும் பாதையும் எங்கள் ஜங்ஷனில்தான் வந்து குறுக்கிடுகிறது. (புதுமைப்பித்தனின் சொந்தப் பெயர் விருத்தாசலம் என்பதில் எங்களுக்கு ஒரு பங்கும் கிடையாது. ஆனாலும் சொல்லிக்கொள்வோம்.)

சின்ன வயதில் மழைக்காலம் வந்தால் ஸ்டேஷனுக்குப் போய் நிற்பது எனக்குப் பிடிக்கும். மெயின் லைனில் எங்காவது தண்ணீர் ஏறிவிட்டால், எங்கள் பிளாட்பாரத்துக்கு வழக்கமாக வராத வண்டி ஒன்று வந்து நிற்கும். ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். "தம்பி, இது எந்த ஊரு?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம். ஒரு வழி போனால் இன்னொரு வழி இருக்கிறது என்பதை நான் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை, அங்கே நின்று பார்த்தேன்.

இப்போது நான் பிழைப்பது அந்த ஒரே விஷயத்தை வைத்துத்தான். நெட்வொர்க் வேலை. ஓர் ஆஸ்பத்திரியோ தொழிற்சாலையோ தன் கட்டடத்துக்குள் வைத்திருக்கும் சர்வர்களையும், எங்கேயோ வாடகைக்கு எடுத்திருக்கும் கிளவுடையும் இணைக்கும் பாதை அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஹைப்ரிட் என்று பெயர். பாதி வீட்டில், பாதி வாடகையில்.

இதன் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் சிலிக்கான் பள்ளத்தாக்கிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள். எனக்கு எங்கள் ஊர் சூளையிலிருந்து ஆரம்பிக்கத்தான் வருகிறது.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுப் பயிலகமும் இருக்கிறது. பக்கத்தில் நெய்வேலி. நிலக்கரிக்காகத் தோண்டும்போது மேலே கிடக்கும் அடுக்குகளில் வெள்ளைக் களிமண்ணும் வருகிறது. பொம்மை, அகல் விளக்கு, கப் சாசர் எல்லாம் செய்வார்கள். ஆனால் எங்கள் ஊர்ப் பெயரை வீடு வீடாகக் கொண்டுபோனவை பீஸ் கட்டையும் கம்பத்து இன்சுலேட்டரும்தான். எங்கள் பெரியப்பா ஒரு சூளையில் வேலை பார்த்தார். இன்சுலேட்டர் ஏன் குடை மாதிரி, பாவாடை மாதிரி விரிந்திருக்கிறது என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். எவ்வளவு மழை அடித்தாலும் அந்தப் பாவாடையின் அடிப்பக்கம் கொஞ்சமாவது காய்ந்திருக்கும். அந்தக் காய்ந்த இடம் இருக்கும்வரை மின்சாரம் கம்பம் வழியாக மண்ணுக்கு ஒழுகாது. இன்னொன்றும் காட்டினார். சூளையிலிருந்து இறக்கிய சரக்கில் சிலதை எடுத்து வேண்டுமென்றே உடைப்பார்கள். உடைந்த முகத்தில் மை தடவிப் பார்ப்பார்கள். மை உள்ளே பரவினால் வேகவில்லை என்று அர்த்தம். "முழுசா இருக்கிறத பாத்து என்னடா தெரியும்? ஒடச்சாதான் தெரியும்," என்பார்.

மின்சாரக் கம்பத்துக்கு முன்பே தந்திக் கம்பத்துக்கு இந்தப் பீங்கான் தேவைப்பட்டது. இந்தியாவில் தந்தியைக் கொண்டுவந்தவர் வில்லியம் ஓஷாக்னஸி, கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டர். 1839லேயே கல்கத்தா பக்கம் பரிசோதனைக் கம்பி இழுத்துப் பார்த்தார். 1851இல் கல்கத்தா - டயமண்ட் ஹார்பர் தடம் வந்தது. அடுத்த சில வருடங்களில் ஆக்ரா, பம்பாய், மெட்ராஸ் எல்லாம் இணைந்தன. 1857இல் கிளர்ச்சிக்காரர்கள் தந்திக் கம்பிகளை அறுத்தார்கள். ஒரே ஒரு கம்பியை நம்பி ஆட்சி நடத்துவது எப்படிப்பட்ட விஷயம் என்று அப்போதுதான் கம்பெனிக்கு உறைத்தது.

அதன்பிறகு லண்டனோடு பேசுவதற்கு ஒரு வழி போதாது என்று ஆகிவிட்டது. 1860களில் பாரசீக வளைகுடா வழியாகக் கேபிள். 1870இல் இரண்டு பெரிய வழிகள் திறந்தன. சீமென்ஸ் சகோதரர்கள் தெஹ்ரான், ரஷ்யா வழியாகத் தரையில் போட்டது ஒன்று. செங்கடலுக்குள் போட்ட கடலடிக் கேபிள் இன்னொன்று. ஒன்று பாலைவனத்திலும் பனியிலும் போனது, மற்றொன்று கடலுக்கு அடியில். இரண்டும் ஒரே நாளில் அறுந்துபோவதற்குக் காரணமாக ஒரு விபத்தைக் கற்பனை செய்வதுகூடக் கஷ்டம். என் தொழிலில் இன்றைக்கும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான், 1870ஆம் ஆண்டுக்காரர்கள் அதற்கு நல்ல பதில் வைத்திருந்தார்கள். அதே சமயத்தில், 1870-71இல், மெட்ராஸிலிருந்து பினாங்கு வழியாக சிங்கப்பூருக்கும் கேபிள் போனது. 2002இல் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஐ2ஐ என்ற ஃபைபர் கேபிளைப் போட்டார்கள், சுமார் 3,200 கிலோமீட்டர். நடுவில் நூற்று முப்பது வருடம். இரண்டு முனையும் அதேதான்.

இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர் பால் பாரன். அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் இருந்தவர். அணுகுண்டு விழுந்த பிறகும் பேசிக்கொள்ளும் வலைப்பின்னல் எப்படி இருக்க வேண்டும் என்பது அவருடைய பிரச்சினை. நடுவில் ஒரே மையம் இருந்தால் அதை அடித்தால் எல்லாம் போச்சு. மீன் வலை மாதிரி ஒவ்வொரு முடிச்சும் அக்கம்பக்கத்து முடிச்சுகளோடு சேர்ந்திருந்தால் பாதி கிழிந்தாலும் மீதி பேசும். 1964இல் வெளியான அவர் அறிக்கைகளில் ஆச்சரியமான ஒரு விஷயம் இருக்கிறது. இதற்காக ஆயிரம் வழி தேவையில்லை. குறைந்தபட்சம் தேவைப்படும் இணைப்புகளைப்போல மூன்று, நான்கு மடங்கு இருந்தாலே போதும்.

எங்கள் பழமலைநாதர் கோயிலில் எல்லாமே ஐந்து. ஐந்து கோபுரம், ஐந்து பிராகாரம், ஐந்து கொடிமரம், ஐந்து தேர். பாரனைப் படிக்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. கட்டியவர்கள் வேறு ஏதோ நினைத்துத்தான் கட்டியிருப்பார்கள், விடுங்கள்.

1989இல் கிர்க் லாஹீட், யாகோவ் ரெக்டர் என்ற இருவர் மதியச் சாப்பாட்டின்போது கை துடைக்கும் பேப்பரில் ஒரு திட்டம் எழுதினார்கள். பிஜிபி என்று பெயர். இன்றைக்கும் இணையத்தில் ஒரு கம்பெனியின் வலை இன்னொரு கம்பெனியின் வலையிடம் "இந்த ஊருக்கு என் வழியாப் போகலாம்" என்று சொல்லும் மொழி அதுதான். உங்கள் ஆபீஸும் கிளவுடும் பேசிக்கொள்வதும் அதிலேயேதான். ஒரு பாதை செத்துவிட்டால், அந்தப் பாதையைச் சொன்னவர் குரல் கேட்கவில்லையே என்று கொஞ்ச நேரம் காத்திருந்து, பிறகு அடுத்தவர் சொன்ன பாதையை எடுத்துக்கொள்ளும்.

அந்தக் "கொஞ்ச நேரம்" எவ்வளவு என்பதில்தான் உயிர் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

கிளவுட் என்ற பெயரே எங்கள் ஆட்கள் வரைந்த படத்திலிருந்து வந்தது. தன் கட்டுப்பாட்டில் இல்லாத பகுதியை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பகுதியை, மேகம் மாதிரி வளைத்து வரைந்துவிடுவார்கள். 1970களிலேயே அந்த வழக்கம் உண்டு. பிறகு அந்த மேகத்துக்கே வாடகை வசூலிக்க ஆரம்பித்தார்கள். அமேசான் 2011இல் டைரக்ட் கனெக்ட் என்று தனிப்பாதை கொடுத்தது. பொது இணையத்தில் நெரிசலோடு நெரிசலாகப் போகாமல், தனி ஃபைபரில் நேராக அவர்கள் வாசலுக்குப் போகலாம். மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பிரஸ்ரூட் 2014இல் வந்தது. 2015 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் சென்னை, மும்பை, புனே மூன்று இடங்களில் கிளவுட் மையங்களைத் திறந்தது. 2016 ஜூனில் அமேசான் மும்பையில் திறந்தது. அதுவரை சிங்கப்பூருக்குப் போய்வந்துகொண்டிருந்த வேலை எல்லாம் உள்நாட்டுக்குத் திரும்ப ஆரம்பித்தது. மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக்கூட, ஸ்கேன் மெஷின் இங்கே, பதிவேடு அங்கே என்று வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்தது.

அப்படி ஓர் ஆஸ்பத்திரிக்கு நான் படம் வரைந்து கொடுத்தேன். பெயர் வேண்டாம்.

படம் அழகாக இருந்தது. கிளவுடுக்கு இரண்டு பாதை. இரண்டும் வேறு வேறு கம்பெனி. வேறு வேறு ரூட்டர். ஒன்று தனிப்பாதை, இன்னொன்று இணையத்துக்கு மேலே மறைகுறியாக்கிய விபிஎன். நீல நிறத்தில் ஒரு கோடு, பச்சை நிறத்தில் ஒரு கோடு. நிர்வாகம் கேட்டது, "ஒண்ணு போனா?" "இன்னொண்ணு இருக்கு சார்," என்றேன். கையெழுத்துப் போட்டார்கள்.

ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு இரண்டும் போயின. ஊருக்கு வெளியே சாலை அகலப்படுத்தும் இடத்தில் ஒரு ஜேசிபி. நான் போய்ச் சேர்ந்தபோது ஃபைபரை ஒட்டவைக்கும் ஆள் பள்ளத்துக்குள் குந்தி உட்கார்ந்திருந்தார். வயசானவர், தொலைபேசிக் கேபிள் காலத்திலிருந்து இந்த வேலையில் இருப்பவர். ஆரஞ்சுக் குழாய் ஒன்று, கறுப்புக் குழாய் ஒன்று. இரண்டும் ஒரு முழம்கூட இடைவெளி இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில்.

"அண்ணே, இது ரெண்டும் வேற வேற கம்பெனிண்ணே," என்றேன். எதற்கு அதைச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"கம்பெனி ரெண்டுதான் தம்பி. பள்ளம் ஒண்ணுதானே?"

சரியாக ஐந்து மணி நேரம். அந்த ஐந்து மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவரின் பழைய ஸ்கேனைத் திறக்க முடியவில்லை. தலையில் ரத்தக்கசிவு. முன்பு இருந்த அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் கூடியிருக்கிறதா என்று தெரியும். டாக்டர் அவருடைய மகளை வீட்டுக்கு அனுப்பி, பீரோவிலிருந்து பழைய ஃபிலிமை எடுத்துவரச் சொன்னார். அந்தப் பெண் பஸ்ஸில் போய், பஸ்ஸில் வந்தார். பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஜேசிபி ஓட்டியவரைத்தான் எல்லோரும் திட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

பாதையின் பெயர் வேறாக இருந்தால் பாதை வேறு என்று நம்பிவிடுவது எங்கள் தொழிலின் மிகப் பழைய வியாதி. 2008 ஜனவரி கடைசியில் எகிப்தின் அலெக்ஸாண்டிரியா பக்கம் கடலடியில் கேபிள்கள் அறுந்தன. சீ-மீ-வீ 4 ஒன்று, ஃபிளாக் இன்னொன்று. வேறு வேறு முதலாளி, வேறு வேறு ஒப்பந்தம். இந்தியாவின் இணையம் திணறியது. ஐரோப்பாவுக்குப் போகும் கேபிள்களில் பெரும்பாலானவை அந்தக் குறுகிய இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கடலிலும் பள்ளம் ஒன்றுதான்.

கார்டு லைன், மெயின் லைன் பெருமையையும் இங்கே கொஞ்சம் இறக்கி வைத்துவிடுகிறேன். நடுவில் எவ்வளவு விலகிப் போனாலும் இரண்டும் விழுப்புரத்தில் ஒன்றுசேர்கின்றன, திருச்சியில் ஒன்றுசேர்கின்றன. விழுப்புரம் யார்டில் பிரச்சினை என்றால் இரண்டு வழியும் இல்லை. கட்டடத்துக்குள் நுழையும் கடைசி நூறு மீட்டர், ஒரே மின்சாரம், ஒரே யுபிஎஸ், இரண்டு ரூட்டருக்கும் பொதுவான ஒரே ஸ்விட்ச், எல்லாமே ஒரு விழுப்புரம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்ப் பக்கம் கரை ஏறியபோது பார்த்தோமே. பல்லாயிரம் மின்கம்பங்கள் சாய்ந்தன. பண்ருட்டி முந்திரியும் பலாவும் வேரோடு போயின. செல்போன் டவர்கள் நின்றுகொண்டுதான் இருந்தன. ஜெனரேட்டரில் டீசல் தீரும்வரை பேசின, பிறகு பேசவில்லை. டவர் விழுந்தால் என்ன செய்வது என்று யோசித்திருப்பார்கள். ரோட்டில் மரம் விழுந்து டீசல் வண்டி வர முடியாமல் போவது வேறு கணக்கு.

அரியலூர் கதையைச் சொல்லாமல் கார்டு லைனைப் பற்றி எழுத முடியாது. 1956 நவம்பர் 23, விடியற்காலை. மெட்ராஸிலிருந்து தூத்துக்குடி போன எக்ஸ்பிரஸ், எங்கள் ஊரைத் தாண்டி, அரியலூரையும் தாண்டி, மருதையாற்றுப் பாலத்தில் ஏறியது. வெள்ளம் ஏற்கெனவே பாலத்தைக் குலைத்திருந்தது. 140க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை ராஜினாமா செய்தார். பள்ளிக்கூடத்தில் நமக்கு ராஜினாமாவைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். என் வேலையில் உட்கார்ந்து யோசிக்கும்போது எனக்கு உறுத்துவது வேறு. பாதை கெட்டுவிட்டது என்பதை யார், எவ்வளவு நேரத்தில் தெரிந்துகொள்கிறார்கள்?

மேலே விட்ட "கொஞ்ச நேரம்" இதுதான். பல ரூட்டர்களில் பிஜிபியின் வழக்கமான அமைப்பு 180 வினாடி. பக்கத்து ஆளிடமிருந்து மூன்று நிமிடம் சத்தமே வராவிட்டால்தான் அவர் செத்துவிட்டார் என்று முடிவு செய்யும். அதுவரை உங்கள் தரவை எல்லாம் இல்லாத பாலத்தின் மேல் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஃபைபர் நம் ரூட்டரின் வாசலிலேயே அறுந்தால் விளக்கு அணைந்துவிடும், உடனே தெரியும். நடுவில் எங்கோ அறுந்து, இரண்டு பக்கமும் விளக்கு எரிந்துகொண்டிருந்தால்தான் ஆபத்து. அதற்காகவே பிஎஃப்டி என்று ஒன்றை 2010இல் தரப்படுத்தினார்கள். வினாடிக்கு மூன்று நான்கு முறை "இருக்கியா?" "இருக்கேன்" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். 300 மில்லிவினாடிக்கு ஒருமுறை கேட்டு, மூன்று முறை பதில் வராவிட்டால் பாதை மாறு. ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும். இதைப் போடுவதற்குப் பைசா செலவில்லை. ஆஸ்பத்திரியில் நான் போட்டிருக்கவில்லை.

அதைவிட நுணுக்கமான ஒரு மோசம் உண்டு. கார்டு லைன் முதலில் அகலப்பாதையானது. மெயின் லைனில் விழுப்புரம் - மயிலாடுதுறைப் பகுதி 2010 வரை ஆனது. நடுவில் இருந்த வருடங்களில் வரைபடத்தில் இரண்டு கோடும் அப்படியே இருந்தன. ஆனால் கார்டு லைனில் ஓடும் வண்டியை மெயின் லைனில் திருப்பிவிட முடியாது. சக்கரம் உட்காராது. என் சின்ன வயசு வேடிக்கை அப்படித்தான் நின்றுபோனது.

விபிஎன் அப்படிப்பட்ட மீட்டர் கேஜ். சாதாரணமாக ஒரு பொட்டலத்தில் 1,500 பைட் போகும். விபிஎன் அதன்மேல் தன் உறையைச் சுற்றுவதால் உள்ளே வைக்க 1,400 சொச்சம்தான் மிஞ்சும். தனிப்பாதையிலோ சிலர் 9,000 பைட் வரை பெரிய பொட்டலமாக அனுப்பிப் பழகியிருப்பார்கள். பாதை மாறிய உடனே பிங் போகும், லாகின் பக்கம் திறக்கும், எல்லாம் நன்றாக இருக்கிற மாதிரியே தெரியும். ஸ்கேன் படத்தைத் திறந்தால் அப்படியே சுற்றிக்கொண்டு நிற்கும். பெரிய பொட்டலம் நுழையவில்லை, "சின்னதா அனுப்பு" என்று திரும்பிவரும் செய்தியை நடுவில் எவனோ ஃபயர்வாலில் தடுத்து வைத்திருப்பான். முழுசாகச் செத்த பாதையைவிடப் பாதி செத்த பாதை மோசம்.

சரி, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தவர்களுக்கு? 2021 செப்டம்பர் 2, டோக்கியோ. அங்கே அமேசானின் டைரக்ட் கனெக்ட் காலை ஏழரையிலிருந்து ஏறக்குறைய ஆறு மணி நேரம் பாதிக்கப்பட்டது. வங்கிகள், விமான நிறுவனங்கள் எல்லாம் அடிவாங்கின. கேபிள் ஒன்றும் அறுபடவில்லை. அறுபட்டால் சீக்கிரம் மீள்வதற்காகச் சேர்த்த ஒரு புதிய நெறிமுறையைக் கையாளும் மென்பொருளில் பதுங்கியிருந்த பிழை, குறிப்பிட்ட வகைப் பொட்டலம் வந்தபோது கருவிகளைச் சாய்த்தது. காப்பாற்ற வைத்ததே காலை வாரியது. டைரக்ட் கனெக்டில் இரண்டு பாதை எடுத்து வைத்திருந்தாலும் இரண்டும் அதே குடும்பக் கருவிகளைத் தாண்டித்தான் போக வேண்டும். அதே நேரத்தில், சாதாரண இணையம் வழியாகப் போன விபிஎன் இணைப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அமேசானே தன் அறிக்கையில் எழுதியது. ஏளனமாகப் பார்க்கப்பட்ட மீட்டர் கேஜ் அன்றைக்கு ஓடியது.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனேன். இந்த முறை படம் வரையவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு ஃபைபர் போகும் வழி முழுக்க, கல் நட்டிருக்கும் இடமெல்லாம் பார்த்துக்கொண்டே போனேன். அந்த வயசானவரையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டேன். எந்தக் கல்வெர்ட்டில் யார் குழாய் போகிறது என்பது அவருக்கு மனப்பாடம். தண்டவாளத்தை ஒட்டி ரயில்வேயின் ஃபைபர் ஓடுகிறது. ரயில்டெல் என்று 2000இல் ஆரம்பித்த நிறுவனம் அதை வெளியாருக்கும் தருகிறது. ரோட்டுப் பள்ளத்தில் ஒரு பாதை, தண்டவாள ஓரமாக ஒரு பாதை, மொட்டைமாடியில் ஒரு ரேடியோ. ஃபைபர்கள் கட்டடத்துக்குள் நுழைவது எதிரெதிர் வாசலில். போன மாத ஸ்கேன்கள் வரை உள்ளூர் டிஸ்க்கிலும் ஒரு பிரதி. மொத்தச் செலவைப் பார்த்து நிர்வாகம் முகம் சுளித்தது. அந்தப் பெண் பஸ்ஸில் போய் வந்த கதையைச் சொன்னேன். கையெழுத்துப் போட்டார்கள்.

அத்தோடு ஒரு நிபந்தனையும் எழுதி வாங்கினேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிறு இரவில், முதல் பாதையின் கேபிளை நானே பிடுங்குவேன். முதல் தடவை பிடுங்கியபோது எதுவும் மாறவில்லை. மாற்றுப்பாதையில் போன தரவு தனிப்பாதையில் திரும்பி வரப் பார்த்தது, ஃபயர்வால் இது யாரென்று தெரியாமல் விரட்டியது. இரண்டாவது தடவை பாதை மாறியது, ஸ்கேன் திறக்கவில்லை. மேலே சொன்ன 1,400தான்.

மூன்றாவது தடவை மழை. சர்வர் ரூமில் நானும் டெக்னீஷியன் தம்பியும். லேப்டாப்பில் பிங் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கேபிளைப் பிடுங்கினான். ஒரு வரி விட்டுப்போனது. அடுத்த வரி வந்தது. ஒரு பழைய ஸ்கேனைத் திறக்கச் சொல்லி மாடிக்கு போன் போட்டேன். நைட் டியூட்டி நர்ஸ் எடுத்தார்.

"திறந்துடுச்சு சார். ஏன், ஏதாச்சும் பிராப்ளமா?"

"இல்ல சிஸ்டர், சும்மாதான்."

"கீழதான இருக்கீங்க? டீ வந்திருக்கு, அனுப்பவா?"

இரண்டு டீ சொன்னேன்.